தேவை குறைந்த கட்டடம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. டீசலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், சுற்றியிருந்த கட்டடங்களில் எல்லாம் சண்டை. ஜெனரேட்டரை யார் போட்டது, தண்ணீரை யார் திறந்துவிட்டது என்று படித்த மனிதர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். எங்கள் கட்டடத்தில் சண்டை இல்லை, ஏனென்றால் எங்களிடம் ஒரு எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே கார் நிறுத்துமிடத்துத் தூணில் அந்த எண்ணையும் அதன் வரைபையும் ஒட்டுவோம். வாரா வாரம் அது ஏறியது. அந்த எண்ணை உண்டாக்கியவன் நான்.

என் வேலையே அதுதான். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஆய்வு நிறுவனத்தில், நாட்டின் நிலைபேறான அபிவிருத்தியைக் கணித மாதிரிகளால் அளப்பவர்களில் நானும் ஒருவன். கல்யாண வீடுகளில் யாராவது "தம்பி எங்க வேலை?" என்று கேட்டு, நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பந்திக்கு எழும்பிவிடுவார்கள். விஷயம் அவ்வளவு பயங்கரமானதல்ல. காடு, தண்ணீர், மின்சாரம், வருமானம், சனங்களின் உடல்நலம் எல்லாவற்றையும் தனித்தனி அமைப்புகளாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு எழுதுவோம். ஒன்று வளரும்போது மற்றதை எவ்வளவு தின்கிறது, எவ்வளவு ஊட்டுகிறது என்பதைச் சமன்பாடுகளுக்கு இடையில் குணகங்களாகப் போடுவோம். பிறகு எல்லாவற்றையும் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவுக்குக் கொண்டுவந்து ஒரே எண்ணாகச் சேர்ப்போம். எண் ஒன்றை நெருங்கினால் இந்தப் போக்கில் போகலாம். பூச்சியத்தை நெருங்கினால், பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டை நாங்கள் இப்போதே தின்றுகொண்டிருக்கிறோம். இந்த வேலையில் எனக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கத்துகிறவன் கத்தட்டும், அளக்கிறவன் நான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

நாடு படுத்தபோது எங்கள் நிறுவனமும் படுத்துவிட்டது. வேலைக்கு வர பெற்றோல் இல்லை, வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்றார்கள். வீட்டில் மின்சாரம் இல்லை. முதலாம் மாடியில், சாப்பாட்டு மேசையில், அணைந்த கணினிக்கு முன்னால் நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் தலைவர் கதவைத் தட்டினார். கட்டட முகாமைக் குழுவின் தலைவர். ஓய்வுபெற்ற பொறியியலாளர், நல்ல மனிதர், எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வெறி பிடித்தவர்.

"தம்பி, நாட்டை அளந்தது காணும். நாடு எங்க போய் நிக்குது எண்டு பாத்திட்டம்தானே. ஒருக்கா எங்கட கட்டடத்தை அளந்து தாருமன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம்.

பிரச்சினை இதுதான். கிடைக்கிற கொஞ்ச டீசலில் ஜெனரேட்டரைப் போட்டு மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், லிப்டையும் ஓட்ட வேண்டும். லிப்டுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அதன் கட்டுப்பாட்டு அட்டை ஒருமுறை எரிந்துபோனது. எங்கேயோ தேடி ஒரு அட்டையைக் கொண்டுவந்து பொருத்தியவர், "இதுவும் போனா, டொலர் வந்தாப் பிறகுதான் ஐயா அடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மின்சாரம் இருக்கிற நேரத்திலும் லிப்டை நினைத்தபடி ஓட்ட முடியாது.

நான் நான்கு அமைப்புகளை எடுத்தேன். டீசல், தண்ணீர், லிப்ட், ஆட்கள். முதல் மூன்றும் லேசு. ஆட்களை எப்படி அளப்பது? வீடு வீடாகப் போய்க் கேட்டால் ஒவ்வொருவரும் தன் தேவைதான் பெரிது என்பார். லிப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், எந்த மாடியில் எந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள் என்பது பதிவாகியிருந்தது. எத்தனை தடவை அழுத்தினார்கள், அதில் எத்தனை தடவை லிப்ட் போய் ஏற்றியது? இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் ஆட்களின் தேவை எவ்வளவு நிறைவேறுகிறது என்று வந்துவிடும். "ஆக்கள் பொய் சொல்லுவினம். பொத்தான் சொல்லாது" என்று தலைவரிடம் சொன்னேன். அவர் அதை ரசித்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திருப்பிச் சொன்னார்.

கணக்கு ஓடியது. விடை தெளிவாக வந்தது. காலையில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற நேரத்தில் லிப்ட் ஓட வேண்டும். மாலையில் எல்லோரும் திரும்புகிற நேரத்தில் ஓட வேண்டும். நடுவில் முழுக்க நிறுத்திவிட வேண்டும். அப்படிச் செய்தால் தண்ணீருக்கு டீசல் மிஞ்சும், அட்டை பிழைக்கும், பெரும்பாலானவர்களின் தேவையும் நிறைவேறும். மத்தியானத்தில் பொத்தானை அழுத்தியவர்கள் அற்பம். அதிலும் ஒழுங்காக, நாள் தவறாமல் அழுத்திய வீடு ஒன்றே ஒன்று. எட்டாம் மாடி. முற்பகலில் ஒரு தடவை கீழே இறங்க, பின்னேரத்துக்கு முன் ஒரு தடவை மேலே ஏற.

அது யார் என்று எனக்குத் தெரியும். எங்கே போகிறார் என்றும் தெரியும். அந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

எட்டாம் மாடி அன்ரியும் புருஷனும் முன்பு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்தவர்கள். கனடாவிலிருக்கிற மகன் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்திருந்தான். அன்ரி இங்கே தனியாகத்தான் வந்து சேர்ந்தார். அவருடைய கணவர் மகனோடு கனடாவில் இருக்கிறார் என்பது கட்டடம் முழுவதும் தெரிந்த செய்தி. யார் கேட்டாலும், "அவருக்கு அந்தக் குளிர் நல்லாப் பிடிச்சுப்போச்சு. இனி இஞ்சால வரமாட்டாராம்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். நெருக்கடி தொடங்குவதற்கு முந்தைய வருடம், குளியலறைக்கு டைல் பார்க்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். ஒரு குறுக்குத் தெருவில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தின் வாசலில், கையில் சாப்பாட்டுக் கரியரோடு அன்ரி நின்றார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் செத்துப்போனது. நான் பார்க்காதது போல் போயிருக்கலாம். எனக்கு அந்தப் பண்பு அப்போது வரவில்லை. "அன்ரி!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் கரியரை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, "வாங்கோ தம்பி, வந்து பாருங்கோ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

யன்னலோரக் கட்டிலில் அவருடைய கணவர் சாய்ந்திருந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. அன்ரி சோற்றைக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக்கி வாயில் வைத்தார். அவர் மனைவியின் கையைப் பார்த்து வாயைத் திறந்தார். இல்லத்தில் உள்ளவர்கள் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாராம். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்ரி நாள்தோறும் வந்தார். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு இன்னொன்று.

"வீட்டில வச்சுப் பாத்தனான் தம்பி. என்னால தூக்கேலாது. ரெண்டு தரம் விழுத்திப்போட்டன்" என்றார். வெளியே வரும்போது என் கையைப் பிடித்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உங்கட மனுசிக்கும் வேண்டாம். புருசனைக் கொண்டுபோய் மடத்தில தள்ளிப்போட்டு ஃபிளாட்டில இருக்கிறாள் எண்டு கதைப்பினம்."

கதைப்பார்கள்தான். பிள்ளை கனடாவில் என்றால் எங்கள் சனத்துக்குப் பெருமை. புருஷன் முதியோர் இல்லத்தில் என்றால் மானக்கேடு, அதிலும் பழி முழுக்கப் பெண்ணின் தலையில்தான் விழும். நான் வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றியும் வந்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மத்தியான நேரத்தை அட்டவணையிலிருந்து வெட்டிவிட்டேன். எப்படி என்று கேட்டால், எங்கள் தொழிலில் இது பழகிப்போன காரியம். தரவைத் தரவாகப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் குணகத்தை மாற்றினால் நாளைக்கு எல்லோருக்காகவும் மாற்ற வேண்டிவரும். இப்படி எனக்கு நானே மிக நேர்மையாகப் பேசிக்கொண்டேன். கட்டடத்துக்கே இது நல்லது, ஒருவருக்கு வரும் சிரமம் மொத்தத்தில் கரைந்துவிடும். கரைந்துதான் போனது. மொத்தம் என்பதன் குணமே அதுதான்.

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கார்கள் எல்லாம் பெற்றோல் இல்லாமல் தூசி படிந்து சுற்றிவர நின்றன. நான் வரைபைத் தூணில் ஒட்டி விளக்கினேன். எனக்கு நன்றாகப் பேச வரும். கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, "சேர் சொன்னா அது சரியாத்தான் ஈக்கும்" என்றார். தலைவர் மாடி மாடியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எட்டாம் மாடியின் முறை வந்தது.

"அன்ரி, உங்களுக்கு ஏதும் பிரச்சினை இருக்கோ? மத்தியானத்தில வெளியில வாசல்ல போறனீங்களோ?"

அன்ரி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை கேட்பதை நான் விளங்கிக்கொண்டதாக நினைத்தேன். நீதானே இதைப் போட்டாய், நீதான் ஏதாவது சொல்ல வேண்டும், என் வாயால் என்னால் முடியாது. எனக்கு வழிகளும் தோன்றின. மத்தியானம் அரை மணித்தியாலம் ஓட்டினால் அட்டைக்கு நல்லது என்று ஒரு பொய் போதும். நான் எதைச் சொன்னாலும் தலைவர் நம்புவார். ஆனால் மத்தியானத்தில் ஜெனரேட்டரை இன்னொரு தடவை கிளப்பினால் டீசல் கணக்கு இடிக்கும். கோடு அவ்வளவு அழகாக ஏறாது. நான் குனிந்து, தூணில் ஒழுங்காக ஒட்டியிருந்த தாளின் மூலையை மறுபடியும் அழுத்தி ஒட்டினேன்.

"எனக்கென்ன. நான் எங்க போறது. எல்லாருக்கும் சரியெண்டா எனக்கும் சரிதான்" என்றார் அன்ரி. கை தூக்கச் சொன்னபோது அவரும் தூக்கினார்.

முதல் வாரங்களில் அன்ரி காலை லிப்டிலேயே கரியரோடு இறங்கிவிடுவார். இல்லத்துக்கு அவ்வளவு காலையில் போய்ப் பிரயோசனமில்லை என்பதால் காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். பிறகு பஸ்ஸுக்குப் போவார். திரும்பி வந்ததும் மாலை லிப்ட் தொடங்கும் வரைக்கும் அதே கதிரை. விடியச் சமைத்த சோறு, கொழும்பு வெக்கையில், மத்தியானம் வரை அந்தக் கரியருக்குள் இருந்தது. ஒருநாள் நான் காஸ் வரிசைக்குப் போகும்போது காவலாளி பக்கத்தில் நின்றதால், "என்ன அன்ரி, காத்து வாங்குறீங்களோ?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்ட வாயை என்ன செய்வது? "ஓம் தம்பி, மேல ஒரே புழுக்கம்" என்று அவரும் சொன்னார்.

பின்னேரம் வரை காத்திருக்காமல் ஒருநாள் படியேறிப் பார்த்திருக்கிறார். பாதியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அந்த மாடிக்காரர்கள் தண்ணீர் கொடுத்து, மாலையில் லிப்டில் ஏற்றிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த முழங்காலோடு அவர் இறங்குவது குறைந்தது, கடைசியில் நின்றது. பஸ்களும் அப்போது ஒழுங்காக ஓடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பஸ்ஸின் மேல் பழியைப் போடும்போதெல்லாம் என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

இந்த வாரங்களில்தான் எங்கள் எண் மளமளவென்று ஏறியது. தலைவர் பாமன்கடையில் உள்ள தன் சிநேகிதர் ஒருவரின் கட்டடத்துக்கும் இதையே செய்து தரும்படி கேட்டார். எங்கள் நிறுவனம் இணையவழிக் கருத்தரங்கொன்றில் இதை எடுத்துக்காட்டாகக் காட்டச் சொன்னது. நான் காட்டினேன். மேல்மாடிகள் புதிய நேரத்துக்கு இசைந்துவிட்டன, அங்கிருந்து வரும் தேவையே குறைந்திருக்கிறது என்று சொன்னேன். நிலைபேறு என்றால் இதுதான் என்று வெளிநாட்டிலிருந்து பேசிய ஒருவர் பாராட்டினார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி, "மேல அன்ரியைக் கண்டு கனநாள். சுகமில்லையோ தெரியேல்லை" என்றாள். அவள் ஆசிரியை, யாரைக் காணவில்லை என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கம். நான் கணினியை எடுத்து எட்டாம் மாடியின் பொத்தான் பதிவைப் பார்த்தேன். மத்தியானம் மட்டுமல்ல, காலையும் மாலையும்கூட வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் என் அளவுகோலில் இருந்த கோளாறு எனக்குப் பிடிபட்டது. ஒருவருக்கு லிப்ட் கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். பிறகு அழுத்துவதை விட்டுவிடுவார். அவர் விட்ட அந்த நிமிடமே என் கணக்கில் அவருடைய தேவை இல்லாமல் போய்விடும். கேட்டவர்களின் தொகை குறையும், கேட்டவர்களில் கிடைத்தவர்களின் விகிதம் உயரும். சனம் அலுத்துப்போய்க் கைவிடக் கைவிட, கட்டடம் முன்னேறிக்கொண்டே போகும். எல்லோரும் வீட்டுக்குள் செத்துக் கிடந்தால் என் எண் சரியாக ஒன்றைத் தொடும்.

நெருக்கடிக்கு முன்பு அழுத்தியதையே தேவையாக வைத்து மறுபடி கணக்கை ஓட்டினேன். கோடு முதல் வாரத்திலிருந்தே இறங்கியிருந்தது. பின்னேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணில் ஒட்டியிருப்பது பிழை என்று தலைவரிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் கருத்தரங்கில் பேசியதும் பிழை என்றாகும். அடுத்த ஞாயிறு கூட்டம் இருக்கிறதுதானே, அதில் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று கணினியை மூடினேன். நான் கோழை என்று அதற்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஞாயிறு வருவதற்குள் அன்ரியின் தொலைபேசி வந்தது. "தம்பி, அவர் மோசம் போயிட்டார். இல்லத்தில இருந்து எடுத்துச் சொன்னவை. எனக்கு இஞ்ச வேற ஆரைத் தெரியும்?"

அது லிப்ட் நிறுத்திய நேரம். நான் படியேறிப் போய் அன்ரியைக் கையில் பிடித்து, ஒவ்வொரு மாடியிலும் இருத்தி இளைப்பாற வைத்து, கீழே இறக்கினேன். எதிரில் வந்தவர்களிடம் வைத்தியரிடம் போகிறோம் என்றேன். புறப்படும் முன் என் மனைவிக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "ஒரு அரை மணித்தியாலம் கேட்டிருக்கலாம்தானே" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை ஏசிவிட்டேன். உனக்குக் கணக்குத் தெரியுமா, டீசல் தெரியுமா என்று கத்தினேன். அவள் அன்ரிக்கு ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பித் தந்தாள்.

இல்லத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். இரண்டாவது தடவையாக வாதம் வந்திருக்கிறது, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொல்லவில்லை, என்னை யாரென்றே அவருக்குத் தெரியாது. அந்த வார்த்தையைத்தான் இன்றுவரை பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். சிஸ்டர் ஒருவர் அன்ரியின் தோளைத் தடவி, கடைசி நாட்களில் கஞ்சி கொஞ்சம் குடித்தார் என்றார். மத்தியானமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

பொரளை மயானத்தில் நாங்கள் நாலைந்து பேர்தான். மகன் கைத்தொலைபேசியில் முகம் காட்டி அழுதான். வடக்கிலிருந்து உறவினர் வர பஸ்ஸும் இல்லை, பெற்றோலும் இல்லை, இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள், அவர்களைப் பொறுத்தவரையும் அவர் கனடாவில்தான். கொள்ளி வைக்கிறது யார் என்று ஐயர் கேட்டார். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கட அப்பா இல்லைத்தானே?"

தகப்பன் உயிரோடு இருக்கிறவர்களைக் கொள்ளி வைக்க விடுவதில்லை. என் அப்பா போய்க் கனகாலம். "இல்லை அன்ரி" என்றேன். மீசையை எடுத்தார்கள். தோளில் குடத்தை வைத்தார்கள். நெருப்பைக் கையில் தந்தார்கள். அந்த மனிதரின் வாய் இலேசாகத் திறந்திருந்தது. ஒரு மகன் செய்ய வேண்டியதை எல்லாம் நான் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு எதையும் செய்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அன்ரி கட்டடத்துக்குச் செய்தியைச் சொன்னார். தலைவர் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "தம்பி, எட்டாம் மாடி அன்ரியின்ர மனுசன் கனடாவில மோசம் போயிட்டாராம். சனம் வரும், போகும். லிப்டை முழு நாளும் ஓட விடுவம். இதுக்கெல்லாம் கணக்குப் பாக்கேலாது."

கூட்டமும் வைக்கவில்லை, கையும் தூக்கவில்லை. லிப்ட் நாள் முழுக்க ஓடியது. டீசல் தீரவில்லை, அட்டையும் எரியவில்லை. நானும் மத்தியானத்தில் மற்றவர்களோடு லிப்டில் ஏறிப் போனேன். கனடாவில் செத்தவீடுகள் எவ்வளவு துப்புரவாக நடக்கும், பெட்டியே எவ்வளவு விலை என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். "என்ன தம்பி, மீசையைக் காணேல்லை?" என்று ஒருவர் கேட்டார். வெக்கை என்றேன்.

அன்ரியின் வீட்டில் கதிரைகள் நிறைந்திருந்தன. இணையத்தில் செத்தவீட்டைப் பார்க்க முடியவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டார். எல்லாம் அவசரமாக முடிந்துவிட்டது என்று அன்ரி சொன்னார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, குசினிப் பக்கம் வரும்படி எனக்குக் கண்காட்டினார். அங்கே வேறு யாரும் இல்லை. நான் பேசத் தொடங்கினேன்.

"அன்ரி, அண்டைக்குக் கூட்டத்தில நான்..."

"அதைத்தான் தம்பி நானும் சொல்லோணும் எண்டு இருந்தனான்" என்று அவர் குறுக்கிட்டார். "அண்டைக்கு உங்களையேதான் பாத்துக்கொண்டிருந்தனான். வாய் தவறிச் சொல்லிப்போடுவீங்களோ எண்டு எனக்கு நெஞ்சு இடிச்சது. 'மத்தியானத்தில அன்ரிக்கு லிப்ட் வேணும்' எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாலும், ஏன், எங்க எண்டு தோண்டித் துருவியிருப்பினம். நீங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு பேசாமல் நிண்டீங்கள். அண்டைக்கு என்ர மானத்தைக் காப்பாத்தினது நீங்கள்தான்."

நான் அவருக்காகத் தலையைக் குனியவில்லை. அவருடைய ரகசியத்தைக் காப்பாற்றுவது அந்த நேரத்தில் என் நோக்கமாகவே இருக்கவில்லை. நான் என் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பொய்யில் அவருடைய மானத்தையும் அந்த மனிதரின் மத்தியானச் சோற்றையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறாமல் லிப்டில் அவசரமாக வந்திருந்தேன். சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்தேன் என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். உண்மையில், அந்த நன்றியைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது. பல நாளாக யாரும் என்னை நல்லவன் என்று சொல்லியிருக்கவில்லை.

"அதுக்கென்ன அன்ரி" என்றேன்.

அவர் என் வலது கையை, அவருடைய புருஷனுக்குக் கொள்ளி வைத்த கையை, இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.